‘தொடக்கக் கடவுச்சொல்’ வேண்டாம்: ஒரு மாற்று முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

கணினிச் சொற்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலின் அடுத்த சுற்றுக்குத் ‘தொடக்கக் கடவுச்சொல்’ என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. மடிக்கணினியின் பொத்தானை அழுத்தியதும், விண்டோஸோ லினக்ஸோ எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, கறுப்புத் திரையில் ஒரு சிறு கட்டம் வந்து கேட்கிறதே, அந்தக் கடவுச்சொல்லுக்கான பதிவு அது. ஆதரவு மடல்கள் வேகமாக வந்துகொண்டிருக்கின்றன. நான் எதிர்த்து வாக்களிக்கிறேன். சொல்லின் அழகைப் பற்றி எனக்குக் குறையில்லை. பழுது பார்க்க உட்காரும் ஒருவரை இது தவறான இடத்துக்கு அனுப்பும் என்பதுதான் என் கவலை.

அன்றாட வழக்கை முதலில் பார்ப்போம். வங்கியோ கல்லூரியோ புதுக் கணக்கு திறந்து கொடுக்கும்போது, ‘தொடக்கக் கடவுச்சொல்லை உடனே மாற்றிக்கொள்ளவும்’ என்றுதான் எழுதுவார்கள். அங்கே தொடக்கம் என்பது முதன்முதலில் தரப்பட்டது என்ற பொருளில் வருகிறது. நம் பட்டியலைப் பார்க்கிற மொழிபெயர்ப்பாளர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார்?

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் பழைய கதை. விண்டோஸ் என்டி 4இன் மூன்றாவது சேவைத் தொகுப்பிலிருந்து ‘சிஸ்கீ’ என்று ஒரு கருவி இருந்தது. விண்டோஸ் ஏறும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும்படி அதில் அமைக்கலாம். அந்த அமைப்பின் பெயர் அப்படியே நம் ‘தொடக்கக் கடவுச்சொல்’தான். தொலைபேசியில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று மிரட்டும் மோசடிக் கும்பல்கள் அதை வைத்துப் பலருடைய கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. ஆனால் பழைய கணினிகளும் பழைய உதவிப் பக்கங்களும் இன்னும் இருக்கின்றன. தமிழில் அந்தப் பெயரைத் தேடி வருபவர், தாய்ப்பலகை (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) கேட்கும் கடவுச்சொல்லுக்கு விண்டோஸ் மருந்தை எடுத்துக்கொண்டு போவார்.

இவை இரண்டும் சில்லறைக் காரணங்கள். அடிப்படையான காரணம் வேறு. பொத்தானை அழுத்தியதற்கும் மேசைத்திரை வருவதற்கும் இடையில் கடவுச்சொல் கேட்கக்கூடியவை பல. தாய்ப்பலகையில் உள்ள பயாஸ், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள், கேட்கலாம். வட்டு தனக்கென்று தனியாக ஒன்றை வைத்திருந்து கேட்கலாம். வட்டை மறையாக்கம் செய்திருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைத்திருந்தால், விண்டோஸின் பிட்லாக்கரோ லினக்ஸின் லக்ஸோ கேட்கும். கடைசியில் பயனர் கணக்கு கேட்கும். எல்லாமே தொடக்கத்தில்தான் கேட்கின்றன. எப்போது கேட்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கவே முடியாது. எது கேட்கிறது என்பதை வைத்துப் பெயரிட வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முடிவு செய்வதும் அதுதான்.

கணக்கின் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழிகள் உண்டு. ஒன்றும் முடியாவிட்டால் விண்டோஸை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பிட்லாக்கர் என்றால் 48 இலக்க மீட்பு எண் எங்கே எழுதி வைத்திருக்கிறது என்று தேட வேண்டும். அது கிடைக்காவிட்டால் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான், கணினி மட்டும் பிழைக்கும். வட்டின் கடவுச்சொல் வட்டிலேயே இருப்பதால், அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் திறக்காது. தாய்ப்பலகையின் கடவுச்சொல்லோ விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் போகாது, புது வட்டு வாங்கிப் போட்டாலும் போகாது. இப்படி நோய் நான்கு இருக்க, நாம் எல்லாவற்றுக்கும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று ஒரே சீட்டை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர்களிடம் இந்தக் குழப்பம் இல்லை. ‘விண்டோஸ் பாஸ்வேர்டா, பயாஸ் லாக்கா?’ என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பதிலைப் பொறுத்து விலையும் மாறும், முகமும் மாறும். அவர்களுடைய பேச்சு கலப்புத் தமிழ் என்று நாம் முகம் சுளிக்கலாம். ஆனால் அவர்களிடம் இரண்டு பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கிறது, நம் பட்டியலில் ஒன்றுதான் இருக்கிறது.

‘அடியில் உள்ள சிறு மின்கலத்தைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் கடவுச்சொல் அழிந்துவிடும்’ என்று ஒரு மடலில் நண்பர் எழுதியிருந்தார். இந்த அறிவுரை பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஐபிஎம் 1984இல் வெளியிட்ட ஏடி கணினியில், மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்றில் 64 பைட்டு நினைவகம் இருந்தது. 14 பைட்டு கடிகாரத்துக்கே போக, மீதியில் கணினியின் அமைப்புகள் இருந்தன. மின்கலம் போனால் நினைவும் போய்விடும். மேசைக் கணினிகள் பலவற்றில் இந்த வழி பிற்காலத்திலும் பலித்தது. மடிக்கணினியில் பெரும்பாலும் பலிக்காது. அங்கே கடவுச்சொல் பதிந்திருப்பது மின்சாரமே இல்லாவிட்டாலும் அழியாத சில்லில். சிஆர்2032 என்ற அந்தச் சிறு மின்கலத்தைக் கழற்றினால் நேரம் தவறிய கடிகாரம் ஒன்றுதான் மிச்சம். திங்பேட் மடிக்கணினி வரிசைக்கான லெனோவோவின் ஆவணங்களில், பயாஸ் அமைப்புகளைக் காக்கும் மேற்பார்வையாளர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. மாற்ற வேண்டிய பொருள் எதுவோ அதன் பெயரே கடவுச்சொல்லுக்கும் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

ஆகவே என் முன்மொழிவு: ‘தாய்ப்பலகைக் கடவுச்சொல்’. இதற்கு இணையாக ‘வட்டுக் கடவுச்சொல்’, ‘கணக்குக் கடவுச்சொல்’. மறையாக்கத்துக்கு மட்டும் நீண்ட சொற்றொடர்களைத் தருவது வழக்கம் என்பதால் ‘மறையாக்கக் கடவுத்தொடர்’. சுழலும் வட்டு இல்லாத காலத்தில் வட்டு என்னத்திற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சேமிக்கும் பொத்தானில் இன்னும் நெகிழ்வட்டின் படத்தைத்தானே போடுகிறோம், விட்டுவிடுங்கள். ‘பயனர் கடவுச்சொல்’ என்பதை நான் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பல கணினிகளின் பயாஸ் பக்கத்தில் மேற்பார்வையாளர், பயனர் என்று இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. அந்தப் பயனர் வேறு, விண்டோஸின் பயனர் வேறு.

‘பலகைக் கடவுச்சொல்’ என்று சுருக்கலாமே என்றால், கூடாது. விசைப்பலகையும் பலகைதான். நம் விவாதம் கிளம்பியதே விசைப்பலகை கெட்ட ஒரு மடிக்கணினியிலிருந்து என்பதை நினைவில் வையுங்கள்.

விசைப்பலகையைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘மறந்துவிட்டேன்’ என்று வருபவர்களில் சிலர் எதையும் மறக்கவில்லை. விசைதான் வேலை செய்யவில்லை. மடிக்கணினியின் விசைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நிரையுமாகப் பின்னிய தடங்களின் சந்திப்புகளில் விசைகள் உட்கார்ந்திருக்கின்றன. தேநீர் சிந்தி ஒரு தடம் அரித்துப் போனால், அந்தத் தடத்தில் உள்ள எல்லா விசைகளும் ஒன்றாகப் போகும். பார்ப்பதற்கு அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எழுத்துகளாக இருக்கும். கடவுச்சொல் கட்டத்தில் தெரிவதோ வெறும் உடுக்குறிகள் (நட்சத்திரப் புள்ளிகள்). சில கணினிகளில் அதுவும் தெரியாது. எட்டு எழுத்து தட்டினோம், ஆறுதான் போய்ச் சேர்ந்தது என்பது யாருக்குத் தெரியும்?

இன்னொரு வேடிக்கை எண் பூட்டு (Num Lock). தனி எண் பகுதி இல்லாத சிறிய மடிக்கணினிகள் பலவற்றில், எழுத்து விசைகளுக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்திருப்பார்கள். எண் பூட்டு தவறிப் போய் இயங்கிக்கொண்டிருந்தால் யூ, ஐ, ஓ ஆகியவை 4, 5, 6 ஆகும், ஜே, கே, எல் ஆகியவை 1, 2, 3 ஆகும், எம் சுழியாகும். மலர் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் கடவுச்சொல்லாக வைத்தவர் எம், ஏ, எல், ஏ, ஆர் என்று சரியாகத்தான் தட்டுவார். கணினிக்குப் போய்ச் சேர்வது 0, ஏ, 3, ஏ, ஆர். பல மடிக்கணினிகள் மூன்று முறை தவறினால் அப்படியே நின்றுவிடும், அணைத்துவிட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். மனிதர் தன் நினைவாற்றலைச் சந்தேகிக்கத் தொடங்குவார்.

ஆகவே கடவுச்சொல்லை அழிக்க வழி தேடுவதற்கு முன், கம்பியுள்ள யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகிப் பார்ப்பதுதான் முறை. எளிய யூஎஸ்பி விசைப்பலகையைப் பெரும்பாலான பயாஸ்கள் இயங்குதளத்தின் உதவியின்றியே புரிந்துகொள்ளும். புளூடூத் விசைப்பலகை பெரும்பாலும் உதவாது, அதனோடு இணைப்பதற்கான மென்பொருள் இன்னும் ஏறியிருக்காது. உள்ளே உள்ள விசைப்பலகையில் ஏதாவது ஒரு விசை அழுந்தியபடியே சிக்கியிருந்தால் வெளி விசைப்பலகை மட்டும் போதாது. சிக்கிய விசை தன் எழுத்தை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். உட்புற விசைப்பலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் தட்டையான பட்டையை, கடைக்காரர் ‘ஸ்ட்ரிப்’ என்கிறாரே அதை, கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். இதற்குப் பிறகும் ஏற்காவிட்டால்தான் மறந்ததாகக் கொள்ளலாம். அப்போதும் வாங்கிய ரசீதோடு தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போவதே நேர்வழி. ரசீது இல்லாத பழைய கணினியை வாங்குபவர்கள், காசு கொடுப்பதற்கு முன் அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பெயர் சரியாக இல்லாவிட்டால் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். தமிழில் உள்ள உதவிக் குறிப்புகள் பலவும் ‘திரை விசைப்பலகையைத் திறந்து கடவுச்சொல்லைச் சொடுக்குங்கள்’ என்கின்றன. கணக்குக் கடவுச்சொல்லுக்கு அது அருமையான வழி, விண்டோஸின் நுழைவுத் திரையிலேயே அணுகல் வசதிப் படவுருவுக்குள் இருக்கிறது. தாய்ப்பலகைக் கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்தில் திரை விசைப்பலகை ஏது? தலைப்பில் சொல் தெளிவாக இருந்தால் படிப்பவர் முதல் வரியிலேயே விலகிவிடுவார்.

மற்ற பரிந்துரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பூட்டுச்சொல்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது எல்லாம் வேலையைத் தொடங்குவதுதான். கணினி தொடங்குவதைக் குறிக்கும் ‘பூட்’ (boot) என்ற ஆங்கில ஒலியும் தற்செயலாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்மொழிந்த ஐயாவுக்கு என் வணக்கம். ஆனால் ‘திரைப்பூட்டு’ கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாருக்கும் பழகிவிட்டது. பூட்டுச்சொல் என்றால் அவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். விளக்கிச் சொன்ன பிறகே ரசிக்க முடிகிற சொல், பிழைச்செய்தியில் வேலைக்கு ஆகாது. ‘விழிப்புச்சொல்’ உறக்க நிலையிலிருந்து எழும்போது கேட்கும் கடவுச்சொல்லோடு குழம்பும். ‘மின்னேற்றுக் கடவுச்சொல்’ என்பதைப் படித்தவுடன் எனக்கு மின்னேற்றிதான் நினைவுக்கு வந்தது. ‘நிலைபொருள் கடவுச்சொல்’ (நிலைபொருள் என்பது பயாஸ் போலச் சில்லிலேயே பதிந்த மென்பொருள்) கருத்தளவில் என்னுடையதைவிடத் துல்லியமானது, மறுக்கவில்லை. ஆனால் நிலைபொருள் என்ற சொல்லை நம் குழுவுக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்? தாய்ப்பலகையைக் கண்ணால் பார்க்கலாம், விலை கேட்கலாம்.

‘கடவுச்சொல்’ என்பதையே மாற்றி ‘மறைச்சொல்’ ஆக்கலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து இந்த இழையில் கிளறாதீர்கள். கடவு என்றால் வழி. இலங்கையில் தெருவைக் கடக்கும் இடத்துக்குப் பாதசாரிக் கடவை என்றே பலகை வைத்திருக்கிறார்கள். கடலின் இருகரையிலும் ஊன்றிய சொல், இருக்கட்டும்.

சொற்பட்டியலோடு பிழைச்செய்தி ஒன்றையும் திருத்த வேண்டும். இப்போதைய வரைவில் ‘தவறான கடவுச்சொல்’ என்று இருக்கிறது. கணினிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வந்து சேர்ந்த எழுத்துகள் தன்னிடம் உள்ளவற்றோடு ஒத்துப்போகவில்லை. தவறு விரலிலா, நினைவிலா, விசையிலா என்பது அதற்குத் தெரியாது. ‘கடவுச்சொல் பொருந்தவில்லை. எண் பூட்டையும் விசைப்பலகையையும் சரிபார்க்கவும்’ என்று எழுதலாம். பயாஸ் திரைகள் தமிழில் வருவதில்லை, ஆதலால் அங்கே இதனால் பயனில்லை. ஆனால் லினக்ஸில் மறையாக்கக் கடவுத்தொடர் கேட்கும் திரையை மொழிபெயர்ப்பவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தமிழ்99 என்ற தளக்கோலத்தில் (விசைகளில் எழுத்துகளை அடுக்கிய முறை) கடவுத்தொடரைத் தட்டி வைத்துவிட்டு, தொடக்கத் திரையில் ஆங்கிலத் தளக்கோலத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. எந்தத் தளக்கோலம் இயங்குகிறது என்று அந்தத் திரையிலேயே காட்ட முடிந்தால் நல்லது.

என் முன்மொழிவில் ஓர் ஓட்டை இருப்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன். பிட்லாக்கரில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு சேர்த்துத் தொடக்கப் பின் எண் (PIN) ஒன்றை அமைக்கலாம். சில்லு தாய்ப்பலகையில், பூட்டப்படுவது வட்டில், கேட்பது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஏற்றுநிரல். மூன்று இடமும் மூன்று திசையில் இழுக்கின்றன. இழந்தால் போவது தரவுதான், கணினி அல்ல. ஆகவே அதை மறையாக்கக் குடும்பத்தில் சேர்த்து ‘மறையாக்கப் பின் எண்’ எனலாம் என்பது என் எண்ணம். நிறுவனங்களில் இதைத் தினமும் கையாள்பவர்கள் குழுவில் இருந்தால், அலுவலகத்தில் இதை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். அதுவரை இந்த ஒரு பதிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, மற்ற நான்கையும் வாக்குக்கு விடலாம்.