தேர்தல் நேரத்தில் ஊர் விவாதக் கூட்டம்: கைகலப்பு வராமல் நடத்துவது எப்படி?

வாசகர்வட்டம்:
மூன்று கட்சி ஆதரவாளர்களை ஒரே மேடையில் பேச வைக்கப் போகிறோம். கிளை நூலகத்தில், மாலை 6 மணிக்கு. அறுபது பேர் வரலாம், எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். மறுநாள் ஒரே டீக்கடையில் முகம் பார்த்தாக வேண்டும். என்ன விதிகள் வைக்கலாம்?

தேர்தல்பணி:
முதலில் இடத்தை மாற்றுங்கள் தம்பி. நடத்தை விதி அமலில் இருக்கும்போது அரசுக் கட்டடத்தில் கட்சி பேசினால் நூலகருக்குத்தான் தலைவலி. தனியார் மண்டபம் பாருங்கள். மைக்குக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் கூடாது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் இப்படிக் கூட்டமே போடக்கூடாது (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126).

பேச்சுக்கான விதியும் ரெடிமேடாகவே இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிப்படி கொள்கை, திட்டம், பழைய செயல்பாடு, இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். பொதுவாழ்வோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கை, சரிபார்க்காத குற்றச்சாட்டு, சாதி மதம் சொல்லி ஓட்டுக் கேட்பது கூடாது. ஒரே பக்கத்தில் அச்சடித்து மூவரிடமும் முன்னதாகவே கையெழுத்து வாங்குங்கள்.

மேடைக்குப்பின்னால்:
சபை கெடுவது பெரும்பாலும் ஒருமையில்தான். "நீ அன்னிக்கு என்ன சொன்ன?" என்று ஒருவர் திரும்பிவிட்டால் முடிந்தது கதை. சட்டமன்றத்தில் பேரவைத் தலைவரைப் பார்த்துப் பேசுவது போல இங்கே நடுவரைப் பார்த்து மட்டும் பேசச் சொல்லுங்கள். "அவர் சொன்னதற்கு" என்று தானாக வந்துவிடும். ஆளுக்கு 5 நிமிடம், நாலாவது நிமிடத்தில் மணி. மறுப்பவர் முதலில் எதிராளி சொன்னதை ஒரு வரியில் சொல்லட்டும்; அவர் "ஆமாம், அதுதான்" என்ற பிறகே மறுப்பு. சொல்லாததற்குப் பதில் சொல்லப் போய்த்தான் பாதிச் சண்டை.

கேள்விகள் துண்டுச்சீட்டில் வரட்டும். கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் கேள்வி வராது, சொற்பொழிவுதான் வரும். நடுவர் வெளியூர்க்காரராக இருப்பது உத்தமம்.

வாசகர்வட்டம்:
நன்றி அண்ணே. தலைவர்களைப் பட்டத்தோடு சொல்ல அனுமதிக்கலாமா? அதற்கே இப்போது தகராறு.

மேடைக்குப்பின்னால்:
வேண்டாம். ஒருவர் பட்டத்தைப் பக்தியோடு சொல்வார், அடுத்தவர் அதையே இழுத்துக் கிண்டலாகச் சொல்வார். பெயர், கூடவே 'அவர்கள்', அவ்வளவுதான். எதிர்ப்பு வேறு, மரியாதை வேறு. பெரியார் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது நேரில் வந்து அழுதார். இதை நடுவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், மூன்று கட்சிக்காரரும் மறுத்துப் பேச வழியில்லை.