கொஹிமா போர்க் கல்லறைத் தோட்டத்தில் இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனிக் கல் ஏன் இல்லை?

கேள்வி:

அண்மையில் நாகாலாந்து சென்றபோது, கொஹிமா நகரின் நடுவே காரிசன் குன்றின் சரிவில் படிப்படியாக அமைந்துள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் மடிந்த 1,420 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்; ஒவ்வொருவருக்கும் வெண்கலத் தகடு பதித்த சிறு கல் இருக்கிறது. ஆனால் 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் மட்டும் மேட்டிலுள்ள ஒரே நினைவுச் சின்னத்தில் மொத்தமாக இடம்பெற்றுள்ளன. ஆங்கிலேயருக்கு ஆளுக்கொரு கல், நம்மவர்க்கு ஒரு சுவர் என்பது பாகுபாடு இல்லையா?

மறுமொழி 1:

இல்லை நண்பரே. அவர்கள் தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்டவர்கள். கல் நடுவதற்குப் புதைகுழியே கிடையாது. அடக்கம் செய்யும் வழக்கமுடைய முஸ்லிம் வீரர்களுக்குத் தனித்தனிக் கல் உண்டு என்பதை இம்பாலிலுள்ள இந்தியப் படைக் கல்லறையில் நேரில் காணலாம். அங்கே அத்தகைய கல்லறைகள் 800க்கும் மேல். தவிர, அந்தச் சின்னம் தோட்டத்தின் மிக உயரமான இடத்தில் நிற்கிறது. டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தைத் தாண்டித்தான் அங்கே ஏற வேண்டும்; 1944இல் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் சில கெஜ தூரத்தில் எதிரெதிரே கிடந்து போரிட்ட அந்த மைதானத்தின் கோடுகளை இன்றும் சிமெண்டில் காட்டியிருக்கிறார்கள்.

மறுமொழி 2:

கொஹிமாவைப் பொறுத்தவரை மேற்கண்ட விளக்கம் சரி. ஆயினும் கேள்வி கேட்டவரின் ஐயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. முதல் உலகப் போரில் இறந்தோருக்காக எழுப்பப்பட்ட, ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவிடத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ, எந்தப் படைப்பிரிவில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். பதவி, இனம், சமயம் பாராமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வதே தன் கொள்கை என்று அறிவித்திருந்த, இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே, குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், மத்தியக் கிழக்கு நாட்டவர், பெயரின்றியோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், கொஹிமாவில் 917 பேருக்கும் பெயராவது இருக்கிறது.

மறுமொழி 3:

நாகர்களை இருவருமே விட்டுவிட்டீர்கள். வழிகாட்டிகளாகவும், சுமை தூக்குவோராகவும், காயம்பட்டோரைச் சுமந்து இறக்கியவர்களாகவும் அவர்கள் இல்லாமல் அந்தப் போர் நடந்திருக்காது. எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்ளும் பிரிட்டிஷ் படையின் இரண்டாம் டிவிஷன் நினைவுக் கல்கூட, நாகர்கள் தம் முன்னோருக்கு நடும் நெடுங்கல்லைப் போன்றதே.

கேள்வி கேட்டவருக்கு ஒரு தகவல்: அந்த 917 பேரில் யாரையேனும் குறிப்பாகத் தேடுவதானால், ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ படைப்பிரிவையோ இட்டுப் பாருங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால், படைப்பிரிவை வைத்துத் தேடுவதே எளிது.