கால் பட்டையை எங்க போடணும்? கொடைக்கானல் ஏரியில துடுப்பு பிடிச்சவங்க வந்து சொல்லுங்க

ஏரிச்சாலை டீச்சர்:

போன ஜூன்ல நம்ம ஏரியில துடுப்புப் படகுப் பயிற்சிக்குக் காலை பேட்ச்ல சேர்ந்தேன். வயசு 43, உயரம் 154 செ.மீ., செருப்பு சைஸ் 4. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாம யாரும் தண்ணியில இறங்கக் கூடாதுன்னு கோச் கண்டிப்பா சொல்லிட்டார். நம்ம ஊர் ஜூன், ஜூலை மூடுபனி எப்படின்னு உங்களுக்கே தெரியும். பாதி நாள் ஷெட்டுக்குள்ள ரோயிங் மெஷின்தான், தரையிலேயே துடுப்பு இழுக்கிற மாதிரி பழகுறது.

ஒரு மாசம் ஆனதும் டெஸ்ட். 2,000 மீட்டர். 700 தாண்டும்போதே அடி இடுப்பு பிடிச்சிருச்சு. இழுத்து முடிச்சப்ப 10 நிமிஷம் 22 விநாடி. பக்கத்து மெஷின்ல இருந்த கல்லூரிப் பொண்ணு முடிச்சுட்டு, எழுந்து, தண்ணி குடிச்சுட்டு வந்து எனக்குக் கை தட்டுச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சு.

வயசாயிருச்சு, தம் இல்லைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் ஏரியைச் சுத்தி நடந்தேன், ஒரு சுத்து கிட்டத்தட்ட 5 கி.மீ. அது போதாதுன்னு சில நாள் ரெண்டு சுத்து. ராத்திரி இடுப்புக்கு யூகலிப்டஸ் தைலம். "இதெல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு வீட்டுல ஒரு பக்கம். ரெண்டு மாசம் கழிச்சு எடுத்த டெஸ்ட்ல 10 நிமிஷம் 19. ரெண்டு மாசம் நடந்ததுக்கு மூணு விநாடி!

அந்த வாரம் கோச் ஊர்ல இல்லை. அவருக்குப் பதிலா ஒரு பொண்ணு வந்திருந்துச்சு, 24 வயசுகூட இருக்காது. நான் மெஷின்ல உட்கார்ந்ததும் கேட்டுச்சு: "அக்கா, பட்டையை ஏன் செருப்பு வார் மாதிரி போட்டிருக்கீங்க?"

அப்பதான் குனிஞ்சு பார்த்தேன். நிஜமாவே அப்படித்தான் போட்டிருந்தேன். கால் நழுவக் கூடாதுன்னு குதிகால் தாங்கியை மேல ஏத்தி, பட்டையைக் கால் மேட்டுல இறுக்கி வச்சிருந்தேன். பட்டை விரல்கள் ஆரம்பிக்கிற இடத்துல, பாதத்தோட அகலமான பாகத்து மேல போகணுமாம். பாதம் அளவுக்கு மேல உயர்ந்துட்டா, நகர்ற சீட்டோட முன்னால போகும்போது முட்டி வயித்துல இடிக்கும். உடம்பு கைப்பிடியை எட்டணும்னு இடுப்பை வளைச்சுக் கூனும். அந்தக் கூனலோட கால் உதைச்சா பாரம் முழுக்க அடி முதுகுலதான் இறங்கும். அந்தப் பொண்ணு தாங்கியை ரெண்டு துளை கீழ இறக்குச்சு. முன்னால போய் நின்னப்ப என் முழங்காலுக்குக் கீழ்ப்பாகம் செங்குத்தா இருக்கான்னு பக்கவாட்டுல நின்னு பார்த்துச்சு. பையன்களைப் பார்த்து நான் 10-ல வச்சிருந்த டேம்பரையும், அதாவது மெஷின் சக்கரத்துக்குள்ள போற காத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடியையும், 5-க்குக் கொண்டுவந்துச்சு. "நம்பர் கூடினா பயிற்சி கூடுதுன்னு இல்லைக்கா. அது சைக்கிள் கியர் மாதிரி."

மூணு வாரத்துல 9 நிமிஷம் 47. நடந்தது வீண்னு சொல்ல மாட்டேன், மூச்சு தாங்குச்சு. ஆனா ரெண்டு மாசம் என் உடம்பைத் திட்டிட்டுத் திரிஞ்சேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் இப்பவும் கோபம் வருது.

படகுக் கதை வேற. அதுல ஆணி அடிச்ச மாதிரி பொருத்தியிருக்கிற ஷூ சைஸ் 9. நான் ரெண்டு கம்பளி சாக்ஸ் போட்டுக்கிட்டு ஓட்டுறேன். இதே மாதிரி பட்டவங்க இருந்தா எழுதுங்க.

அடையாறு ஆள்:

அக்கா, உங்களுக்குப் பட்டை, எனக்குக் காத்து. சென்னையில என் 2,000 மீட்டர் 6 நிமிஷம் 58. மே மாசம் லீவுக்கு மலைக்கு வந்தவன், ரெண்டாவது நாளே பெருமையா உங்க ஷெட்ல உட்கார்ந்தேன். 7 நிமிஷம் 14! கடைசி 500-ல கண்ணு இருட்டிருச்சு.

அதுக்கு முன்னாடியே ஒரு தப்பு நடந்திருந்துச்சு. எங்க ஊர்ல டேம்பர் 4-ல வச்சா திரையில டிராக், அதாவது காத்து சக்கரத்தைத் தடுக்கிற அளவு, 120 பக்கம் காட்டும். அதே 4-ஐ இங்க வச்சேன், 100-தான் காட்டுச்சு. மெஷின் பழுதுன்னு சொல்லி சண்டைக்குப் போயிட்டேன். உங்க கோச் சிரிச்சார். சக்கரம் விசிறுறது காத்தைத்தானே தம்பி, 2,100 மீட்டர்ல காத்து அடர்த்தி சென்னையைவிட ஐந்துல ஒரு பங்கு கம்மின்னார். அதனால டேம்பர் நம்பரைப் பார்க்காம டிராக் நம்பரைப் பார்த்து வைக்கணும். வச்சேன், பிடிமானம் சரியாச்சு. நேரம் சரியாகலை. ஏன்னா மூச்சுல வர்ற காத்தும் அதே மெல்லிசுக் காத்துதான், அதுக்கு டேம்பர் கிடையாது.

16 விநாடிதானேன்னு தோணும். மெஷின் கணக்குல சக்தி வேகத்தோட மூணாம் படியில ஏறும். அதனால அந்த 16 விநாடிக்கு என் சக்தியில பத்துல ஒரு பங்கு போயிருக்கு. மலையில எடுத்த நம்பரையும் கீழ எடுத்த நம்பரையும் ஒரே நோட்டுல எழுதாதீங்கன்னு அவர் சொன்னதை அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

பெருமாள்மலை:

எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல டூரிஸ்ட்டுக்குத் துடுப்புப் படகு ஓட்டுறவர். உங்க ஷெட்டுக்கு நான்தான் ஒருநாள் கூட்டிட்டு வந்தேன். சும்மா உட்கார்ந்து பாருங்கப்பான்னு மெஷின்ல ஏத்தி விட்டோம். 500 மீட்டர் முழுக்க கையும் முதுகும் மட்டுந்தான், நிமிஷத்துக்கு 38 இழுப்பு. அவர் படகுல சீட்டு நகராது, அங்க காலுக்கு என்ன வேலை? முதல்ல கால், அப்புறம் முதுகு, கடைசியா கைன்னு எல்லாரும் அவருக்குப் பாடம் எடுத்தாங்க. பாவம், அப்பா தலையாட்டிக்கிட்டே இருந்தார்.

அப்புறம் தண்ணிக்குப் போனோம். பசங்க ரெண்டு பேர் இரட்டைப் படகுல போனாங்க. கரையில நின்னு பார்த்துட்டு அப்பா ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "தம்பி, தண்ணியை அடிக்கிறீங்க. அடிச்சா அது விலகிரும். பிடிச்சுக்கிட்டு உங்க படகை நகர்த்துங்க." அதோட, முன்னால இருந்தவனுக்குத் துடுப்பு மாட்டுற கொண்டி தாழ்வா இருக்கு, கைப்பிடி தொடையில இடிக்குது, அதான் தண்ணியிலேர்ந்து துடுப்பை எடுக்க முடியாம தவிக்கிறான்னார். திரும்பி வந்ததும் கொண்டிக்கு அடியில ஒரு வாஷரைச் சேர்த்தாங்க. அடுத்த சுத்துல அந்தப் பையன் துடுப்பு ஒரு தடவைகூட சிக்கலை.

1863-ல லெவிஞ்ச் துரை கரை கட்டி இந்த ஏரியை உண்டாக்கினப்ப தூத்துக்குடியிலேர்ந்து படகு கொண்டாந்தார்னு சொல்வாங்க. மலைக்காரன் கைக்குத் துடுப்பு வந்தது கடக்கரையிலேர்ந்துதான்னு அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

மூஞ்சிக்கல் முரடன்:

துரை ஏரி கட்டினது சரி, 2,000 மீட்டருக்கு ஒரு நேர்கோடு விட்டுட்டுப் போயிருக்கலாம். நட்சத்திரம் மாதிரி கை கையா நீட்டிட்டுப் போயிட்டார். அதான் நமக்கு டெஸ்ட்டெல்லாம் ஷெட்டுக்குள்ள.

டீச்சர், அந்த 9 நம்பர் ஷூவைத் திட்டாதீங்க. என் சைஸ் சரியா 9. டிசம்பர்ல தனிப் படகுல போய்க் கவுந்தேன். நீச்சல் டெஸ்ட் பாஸ் பண்ணவன், கவுந்தா எப்படி வெளிய வரணும்னு பழகினவன். ஆனா பழகினது வேற படகுல. இதுல குதிகாலைப் பலகையோட பிணைக்கிற கயிறு ரொம்ப நீளமா இருந்துச்சு. அந்தக் கயிறு குட்டையா இருந்தாத்தான் குதிகால் தூக்கினதும் ஷூ அங்கேயே நின்னு கால் உருவிக்கிட்டு வரும். நீளமா இருந்தா ஷூவும் காலோடயே வரும். தலைகீழா, கண்ணுல பச்சைத் தண்ணி, குளிர்ல நெஞ்சு அடைக்குது. குனிஞ்சு ஒட்டுப்பட்டையைக் கையால பிச்சுத்தான் வெளிய வந்தேன். எத்தனை விநாடின்னு கேட்காதீங்க. கரையில இருந்தவங்க ரொம்ப நேரமில்லைன்னாங்க. எனக்கு அப்படித் தெரியலை.

அன்னிலேர்ந்து படகை ரேக்கிலேர்ந்து இறக்கினதும் நான் முதல்ல தொட்டுப் பார்க்கிறது கயிறு. அப்புறம் மூக்கு நுனியில ரப்பர் பந்து இருக்கான்னு பார்ப்பேன். மத்ததெல்லாம் பிறகு.

குன்னூர் குளிரு:

எங்க பக்கம் ஊட்டி ஏரியில மிதி படகுதான் பார்த்திருக்கேன். ஜிம்ல ஒரு ரோயிங் மெஷின் இருக்கு, எல்லாரும் 10-லயே வச்சுட்டுப் போறாங்க. நாளைக்குப் போய்க் குனிஞ்சு என் பட்டையைப் பார்க்கிறேன்.

ஏரிச்சாலை டீச்சர்:

முரடன் தம்பி, படிச்சதும் ஷெட்டுக்குப் போன் போட்டேன். நான் ஓட்டுற படகுல ஒரு பக்கக் கயிறே இல்லையாம்! பெரிய ஷூவுல என் கால் தானா கழண்டுரும்ங்கிறதால யாரும் கயிறைக் கவனிக்கலை. எனக்கப்புறம் அதுல ஏறுறவன் 9 சைஸ் பையன்.

ஞாயித்துக்கிழமை 7 மணிக்கு ஷெட்ல எல்லாப் படகுக்கும் கயிறு மாத்துறோம். நாடா நான் வாங்கியாறேன். பெருமாள்மலை தம்பி, அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. என் கொண்டி உயரத்தையும் அவர் ஒரு தடவை பார்க்கட்டும். மெஷின்ல ஏத்த மாட்டோம்னு சொல்லுங்க.