தோட்டத்து நடைபாதைக்கு சோலார் விளக்கு வைத்தவர்கள்: மறக்க முடியாத ஒரு இரவு

மண்வாசம் எழுதியது:

பாதையை நானே போட்டேன். ஒரு சாண் ஆழம் வெட்டி, ஜல்லி கொட்டி, திமிசால் இறுக்கி, மேலே மணல் பரப்பிக் கல் பதித்தேன். ஓரத்தில் பன்னிரண்டு சோலார் விளக்குகள். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். நான் சொல்ல வந்தது மூன்றாம் நாள் இரவைப் பற்றி.

வாசலுக்கு மேலே முன்பே ஒரு ஃபோகஸ் லைட் உண்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் வகை. அம்மா கதவைத் திறந்து இறங்கியதும் அது பளீரென்று எரிந்தது. அதே நொடியில் பாதையின் முதல் ஐந்து விளக்குகளும் பட்டென்று அணைந்தன. இந்தச் சின்ன விளக்குகளில் இருட்டை அறிய பெரும்பாலும் தனி சென்சார் கிடையாது, மேலே இருக்கும் பேனல்தான் அந்த வேலையையும் செய்யும். பேனலில் வெளிச்சம் பட்டால் அதற்குப் பகல். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அம்மா நாலைந்து எட்டு வைத்திருப்பார். ஃபோகஸ் லைட் அணைந்துவிட்டது. சோலார் விளக்குகள் திரும்ப எரியத்தான் செய்தன, ஆனால் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அவை வெறும் பொட்டுகள். அம்மா நின்ற இடத்திலேயே வலது கையை நீட்டினார், சுவரைப் பிடிக்கப் போவது போல. அங்கே சுவர் இல்லை. விரல்கள் காற்றில் தடவிக்கொண்டே இருந்தன. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. ஆனாலும் அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவருக்காகத்தான் இந்தப் பாதையையே போட்டேன்.

பழைய கம்பி எழுதியது:

எனக்கும் ஒரு அனுபவம். ஒரு மழைக்குப் பிறகு இரண்டு விளக்குகள் எரியவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி ஸ்பிரிங் முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது, நகத்தால் சுரண்டியதும் பொடிந்துவிட்டது.

ஆனால் மண்வாசம் சொல்வதில் பாதிதான் சரி என்று நினைக்கிறேன். விளக்கு பொட்டாகத் தெரிந்ததற்கு பேட்டரியில் சார்ஜ் குறைந்ததும் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான சின்ன விளக்குகளில் இருப்பது 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்றுதான். எல்.இ.டி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்தான் அதை ஏற்றிக் கொடுக்கிறது. பேட்டரி தளர்ந்தால் எரியும் நேரம் குறையும், வெளிச்சமும் மங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அளவு ஒன்றுதானே என்று டார்ச்சுக்குப் போடும் சாதா பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள், அது சார்ஜ் ஏற்ற முடியாதது, கசிந்து விளக்கையே கெடுக்கும். சில விளக்குகளில் அதே அளவில் 3.2 வோல்ட் லித்தியம் பேட்டரி வரும், அதையும் இதையும் மாற்றிப் போடக் கூடாது. பழையதைக் கழற்றும்போதே அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். பேனலை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். அதற்குள் செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன, ஒரு இலை ஒரு செல்லை மறைத்தாலும் மொத்த மின்சாரமும் படுத்துவிடும். முளைக்குச்சியைக் காய்ந்த மண்ணில் சுத்தியலால் அடிக்காதீர்கள், கம்பியால் குழி போட்டுவிட்டுச் செருகுங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் இன்னும் ஆறு விளக்கு சேர்த்துவிடலாம்.

ஓரக்கல் எழுதியது:

பழைய கம்பி, மூன்றே நாள் ஆன விளக்கு அது. மண்வாசம் பேட்டரியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வெளிச்சம் கூடினால் கால் சரியாக விழும் என்பதும் உண்மை இல்லை, அது எனக்குப் பட்டுத் தெரிந்தது.

நான் விளக்குகளை ஒரே பக்கமாக நட்டிருந்தேன். ஜல்லி போடும் வேலையை விட்டுவிட்டு மண்ணிலேயே மணல் விரித்துக் கல் பதித்ததால், முதல் பெருமழையில் ஒரு கல் ஒரு பக்கம் அமுங்கி, மறுவிளிம்பு விரல் தடிமன் அளவுக்கு மேலே எழும்பிவிட்டது. பகலில் அது கண்ணிலேயே படாது. ராத்திரியில், முழங்கால் உயரத்திலிருந்து பக்கவாட்டில் வந்த வெளிச்சம் அந்த விளிம்பின் நிழலைப் பாதையின் குறுக்கே கரேலென்று நீட்டி வைத்திருந்தது. என் மகள் ஓடி வந்தவள் அந்த நிழலைத் தாண்டிக் குதித்தாள். அடுத்த கல் ஈரம். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. அழுகைக்கு நடுவே அவள் சொன்னது, “அங்க குழி இருந்துச்சுப்பா.”

குழியே இல்லாத இடத்தில் நான் வைத்த விளக்கு ஒரு குழியைக் காட்டியிருக்கிறது. மறுநாளே அந்தப் பகுதியைப் பெயர்த்து ஜல்லி போட்டேன். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு கொடுத்ததில் தண்ணீரும் நிற்பதில்லை. விளக்குகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நட்டேன், ஒன்றின் நிழலை எதிர்ப்பக்கத்து விளக்கு அழித்துவிடுகிறது. மகள் இப்போதும் அந்த இடத்தில் கொஞ்சம் எட்டித்தான் கால் வைக்கிறாள்.

வேலியோரம் எழுதியது:

ஆறு விளக்கு சேர்க்கலாம் என்று படித்ததும் மனது கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலியோரப் புல்லில் மின்மினிகள் வரும். பாதை விளக்கு வைத்த பிறகு ஒன்றுகூட இல்லை. பல மின்மினி இனங்களில் ஆண் பறந்தபடி மினுக்கும், பெண் புல்லிலிருந்து பதில் மினுக்கும், அப்படித்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். நடுவில் விடிய விடிய ஒரு வெள்ளை வெளிச்சம் நின்றால் அந்தப் பதில் தெரியாமல் போகும். நான் இதையெல்லாம் யோசித்ததே இல்லை. ஒருநாள் கடைசி விளக்கு கெட்டு அந்த மூலை மட்டும் இருண்டு கிடந்தது. இரவில் குழாயை மூடப் போனபோது, அந்த மூலையில், தரையோடு தரையாக, பச்சையாக ஒரு மினுக்கல். எண்ணி நாலு முறை. பதில் எதுவும் வரவில்லை.

அந்த விளக்கை நான் சரிசெய்யவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டையும் பிடுங்கிவிட்டேன். மற்றவற்றின் மேல் தகட்டுத் தொப்பி மாட்டி, வெளிச்சம் கல்லில் மட்டும் விழும்படி செய்திருக்கிறேன். கல் நன்றாகவே தெரிகிறது.

பழைய கம்பி எழுதியது:

ஓரக்கல் சொன்னது சரி, புது விளக்கு என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். மண்வாசம், அம்மா எப்படி இருக்கிறார்?

மண்வாசம் எழுதியது:

நன்றாக இருக்கிறார். ஃபோகஸ் லைட்டைத் திருப்பிச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டேன், இப்போது பேனல்களில் அது படுவதில்லை. பன்னிரண்டும் அணையாமல் எரிகின்றன. வேலியோரம் சொன்ன தொப்பியையும் செய்து பார்க்கிறேன், கண்ணில் அடிக்காமல் இருந்தால் அம்மாவுக்கும் நல்லது. பாதையின் முதல் பாதிக்குக் கைப்பிடியாக ஒரு குழாயும் நட்டிருக்கிறேன், அன்றைக்கு அவர் கை நீட்டிய அதே பக்கத்தில். நேற்று இரவு அதைப் பிடித்துக்கொண்டு ஆறாவது விளக்கு வரை போய்த் திரும்பினார்.