மறு: போஸ்ற் ஹாட்கோருக்குத் தமிழ் என்ன? (சங்கம் மருவிய காலத்திடம் கேட்போமா)

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. மாங்குளத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப் போய்விட்டேன். மடல்களைக் கைபேசியில் வாசித்தேனே தவிர, இருந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. இன்று கிளிநொச்சிக்குத் திரும்பிப் பெட்டிகளை இறக்கிய கையோடு எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி முதலில் கேட்டது இது:

> ரைட்ஸ் ஒவ் ஸ்பிரிங் என்ற வாஷிங்டன் குழுவைப் பற்றி எங்கள் வாசகர் வட்டச் சஞ்சிகைக்கு எழுதுகிறேன். 1985இல் ஒரே ஒரு இறுவட்டு வெளியிட்டுவிட்டுக் கலைந்துபோனவர்கள். ‘மெலோடிக் போஸ்ற் ஹாட்கோர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

சென்னை நண்பர் ‘பின்-வன்கரு’ என்றார். மல்லாவி ரீச்சர் ‘பிந்திய வல்லிசை’ என்றார். கனடா அண்ணை வழக்கம்போல ‘தேவையில்லாத வேலை, அப்படியே எழுதுங்கோ’ என்றார்.

அண்ணை, அப்படியே என்றால் எப்படி? தம்பி ‘போஸ்ற் ஹாட்கோர்’ என்கிறான். சென்னை நண்பர் ‘போஸ்ட் ஹார்ட்கோர்’ என்கிறார். உங்கள் மடலில் ஓரிடத்தில் ‘கார்ட்கோர்’ என்று கிடக்கிறது. ஒரு சொல்லை ஆக்காமல் விட்டதற்கு மூன்று சொல் கிடைத்திருக்கிறது; ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்ற இரண்டும் வராது. சீடியை நாங்கள் இறுவட்டு என்பதும் தமிழ்நாட்டில் குறுந்தகடு என்பதும் போல இதிலும் இரண்டு கரை வரத்தான் போகிறது. வருவது தமிழாகவாவது வரட்டும்.

‘வன்கரு’ பற்றி. சொல்லுக்குச் சொல் வைத்தால் இந்த வில்லங்கம்தான். ஆங்கிலத்தில் ஹாட்கோர் என்ற சொல் றோட்டுக்கு அடியில் போட்டு இறுக்கும் உடைகல்லையும் குறிக்கும், எதற்கும் விட்டுக்கொடுக்காத ஆளையும் குறிக்கும். தமிழில் வன்கரு என்றால் எங்கள் ஊர்ச் சனம் அவித்த முட்டையைத்தான் நினைக்கும். ‘பின்-வன்கரு’ என்றால் முட்டைக்குப் பிறகு என்ன சாப்பாடு என்று கேட்பார்கள். நண்பர் கோபிக்க வேண்டாம். ‘வன்பொருள்’ நன்றாக நிலைத்திருக்கிறது, ஆனால் அங்கே பொருள் என்பது உண்மையிலேயே கையில் பிடிக்கிற பொருள்.

இன்னொன்று, இது என் தொழில் பழக்கம். புதிய சொல் எதுவானாலும் ஒலிவாங்கியில் சொல்லிப் பார்ப்பேன். திருவிழாவில் காலையில் ‘ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு’ சொல்லும்போது இந்த இழையின் சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். ‘பின்’ என்று தொடங்கினால் பகரம் ஒலிவாங்கியில் போய் ‘புப்’ என்று அடிக்கிறது. ‘வன்கரு’வில் நடுவில் மூச்சு முட்டுகிறது. பக்கத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த பெடியன் ‘அண்ணை, யாருக்கோ சாபம் போடுறியளோ?’ என்று கேட்டான்.

சரி, இசைக்கு வருவோம். பெயர் வைக்கப்போகிற பிள்ளையின் முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டாமா?

ஹாட்கோர் என்பது பங்க் என்ற ரொக் இசை வகையை இன்னும் வேகமாகவும் இன்னும் சுருக்கமாகவும் ஆக்கியது. 1980இல் வாஷிங்டனில் தொடங்கிய மைனர் த்ரெட் குழுவின் பாட்டுகளில் பல, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் குழுவின் இயன் மக்கேயும் ஜெஃப் நெல்சனும் அதே ஆண்டில் டிஸ்கோர்ட் என்ற வெளியீட்டகத்தைத் தொடங்கினார்கள். மைனர் த்ரெட் 1983இல் கலைந்தது. அடுத்த ஆண்டு கை பிச்சியோட்டோ, எடி ஜேனி, மைக் ஃபெலோஸ், பிரெண்டன் கேன்ட்டி நால்வரும் ரைட்ஸ் ஒவ் ஸ்பிரிங் ஆகச் சேர்ந்தார்கள். 1985 தொடக்கத்தில் அவர்களுடைய ஒரே தொகுப்பு ஒலிப்பதிவானது. பதிவு நடந்த இன்னர் இயர் கூடம் அப்போது ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தது. அருகில் இருந்து பதிவை நடத்தியவர் அதே இயன் மக்கே. வெளியிட்டது அதே டிஸ்கோர்ட். 1986 தொடக்கத்தில் குழு கலைந்தது. நான்கு பாட்டுகள் கொண்ட சிறு தட்டு ஒன்று 1987இல் வந்தபோது குழுவே இல்லை. பிச்சியோட்டோவும் கேன்ட்டியும் பிறகு மக்கேயோடு ஃபுகாசி என்ற குழுவில் சேர்ந்தார்கள்.

அந்தத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். வேகம் குறையவில்லை என்று முதலில் தோன்றும். இரண்டாம் முறை கேட்டால் கித்தார்கள் வெறுமனே அடிபடாமல் மெட்டுப் பிடித்துக்கொண்டு ஓடுவது தெரியும். குரல் கத்திக் கத்தி ஓரிடத்தில் உடைந்து, உடைந்தபடியே பாடும். நான் ஒலிப்பதிவாளனாக இருந்திருந்தால் ‘தம்பி, அந்த வரியைத் திரும்பப் பாடு’ என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை நான் அங்கே இல்லை. பொருளும் மாறிவிட்டது. ஊரோடும் உலகத்தோடும் போட்ட சண்டை போய், இழந்த நட்பு, போன காலம், தன் நெஞ்சு என்று வந்துவிட்டது. புறம் போய் அகம் வந்தது என்று சொல்லலாம். தொல்காப்பியத்து வண்ணங்களில் (பாட்டின் ஓசை வகைகள்) ‘அகப்பாட்டு வண்ணம்’ என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயரையே எடுத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

இப்போது ‘பின்’னுக்கு வருகிறேன். என் முழுச் சண்டையும் இதோடுதான். பின், பிந்திய, பிற்கால என்று எதைப் போட்டாலும் முன்னது முடிந்துவிட்டது, இது அதற்கு அடுத்தது என்றுதான் வாசிக்கிறவருக்குப் படும். நடந்தது அதுவல்ல. ஹாட்கோர் முடியவில்லை, நியூயோர்க்கில் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டனிலோ ஆட்களும் அவர்களே, வெளியீட்டகமும் அதுவே. உள்ளே இருந்தவர்கள் உள்ளே இருந்தபடியே அதை வேறொன்றாக மாற்றினார்கள்.

இப்படி நடந்த ஒன்றுக்குத் தமிழில் முன்பே பெயர் இருக்கிறது. உயர்தரத்தில் தமிழ் படித்த எல்லோரும் இலக்கிய வரலாற்றில் எழுதித் தள்ளிய பெயர்தான்: சங்கம் மருவிய காலம். அதைச் ‘சங்கத்துக்குப் பிந்திய காலம்’ என்று நாங்கள் படிக்கவில்லை. மருவுதல் என்றால் சேர்தல், தழுவுதல். இலக்கணத்தில் மரூஉ என்றால் வாயில் புழங்கிப் புழங்கி உருமாறியது. தஞ்சாவூர் தஞ்சை ஆனது போல. ஒட்டியும் இருக்கிறது, மாறியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. அந்தக் காலத்தில் நடந்ததையும் பாருங்கள். கீழ்க்கணக்கு நூல்கள் வெண்பாவுக்குப் போயின. சிலப்பதிகாரம் அகவலுக்கு நடுவே கானல்வரியைக் கொண்டுவந்து வைத்தது. பழைய வீட்டுக்குள் மெட்டு நுழைந்த காலம் அது. வற்றாப்பளையில் கண்ணகிக்குப் பொங்குகிற எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

(வற்றாப்பளை என்றதும் ஒரு சின்ன விலகல். குழுவின் பெயரையும் தமிழாக்கலாமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். வேனிற் சடங்குகள் என்று வரும். கடல் தண்ணீரில் விளக்கெரித்து வைகாசியில் பொங்குகிற நாங்கள் அதைக் கேட்டால் முல்லைத்தீவுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்றுதான் கேட்போம். ஆட்பெயர், குழுப்பெயரில் கை வைக்க வேண்டாம்.)

அப்புறம் ஹாட்கோர். ரீச்சரின் ‘வல்லிசை’ அழகான சொல். வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. என் தயக்கம் ஒன்றுதான். வானொலி எங்களுக்கு ‘மெல்லிசை’யைப் பழக்கிவிட்டது, அதன் எதிர்ச்சொல்லாக வல்லிசை வந்தால் சத்தம் கூடிய எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிடும். ஹெவி மெட்டல்காரர் சும்மா இருப்பார்களா? ஹாட்கோரின் உயிர் வேகத்தில் இருக்கிறது. அந்த வண்ணங்களிலேயே கடைசியாக வருவது முடுகு வண்ணம், அடி கடந்து ஓடுவது. திருப்புகழும் காவடிச்சிந்தும் பாடுகிறவர்களிடம் ‘முடுகு’ இன்றும் உயிரோடு இருக்கிறது.

வேகம் என்றால் என்ன என்பதை நான் கையால் படித்தவன். 90களில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். மாமா பாய் போட்டுப் படுத்திருந்து பாட்டுக் கேட்பார். நான் பெடலைக் கையால் சுற்றுவேன். கை களைத்தால் பாட்டு இழுபடும். பெண் குரல் ஆண் குரலாகும், ஆண் குரல் பேய்க்குரலாகும். மாமா கண் திறக்காமல் ‘கெதியாச் சுத்தடா’ என்பார். பயத்தில் கூடச் சுற்றினால் குரல் அணில் கத்துவது போலக் கீச்சிடும். அப்படிப் பார்த்தால் எங்கள் வாயில் இருக்கும் சொல் ‘கெதி’தான். கெதியிசை என்று சொல்லியும் பார்த்தேன். ஏதோ நற்கதி அடைந்தவருக்குப் பாடுவது போல இருந்தது. விட்டுவிட்டேன்.

மெலோடிக் என்பதற்கு ‘இன்னிசை’ வேண்டாம். இனிமை வேறு, மெட்டு வேறு. இந்தக் குழு இனிமையாகப் பாடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காத்தவராயன் மெட்டு என்று ஊரே சொல்கிறது. மெட்டு போதும்.

ஆக என் முன்மொழிவு: ஹாட்கோர் முடுகிசை. போஸ்ற் ஹாட்கோர் முடுகு மருவிசை. தம்பி கேட்டது மெட்டார்ந்த முடுகு மருவிசை.

நிலைக்குமா என்று கேட்டால், சொல்லைக் கட்டித் தொங்கவிடுவதன் அருமையும் வன்னிக்குத் தெரியும், அதன் அளவும் தெரியும். சமாதான காலத்தில் இந்த ஏ9 வீதியில் வெதுப்பகம், குளிர்களி (ஐஸ்கிரீம்) என்று பலகைகள் இருந்தன. வெதுப்பகத்தின் வாசலில் நின்றுகொண்டு ‘பேக்கரியில நிக்கிறன்’ என்று சொன்னவர்கள் நாங்கள். ஆனால் உந்துருளி (மோட்டார் சைக்கிள்) செய்திகளில் இன்னும் ஓடுகிறது.

---

மல்லாவியிலிருந்து ரீச்சர் எனக்கு எழுதிய பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

வல்லிசையை விட்டுத்தருகிறேன், முடுகிசை நல்லது. இரண்டு விஷயம்.

ஒன்று, அகப்பாட்டு வண்ணத்துக்கும் அகத்திணைக்கும் சம்பந்தமில்லை. ‘முடியாத் தன்மையின் முடிந்ததன் மேற்றே’ என்பது சூத்திரம். பாட்டு முடிந்திருக்கும், ஆனால் முடிந்தது போல இராது. எங்கள் பிள்ளைகளும் பரீட்சையில் இதே பிழையை விடுவார்கள். உங்கள் நால்வர் குழுவின் கதைக்கு அது வேறு வழியால் பொருந்துகிறது என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். சொல்லாதீர்கள், கலைச்சொல்லில் அதற்கு இடமில்லை.

இரண்டு, ‘மருவிசை’ வினைத்தொகை. மருவிய இசை, மருவுகின்ற இசை, மருவும் இசை மூன்றும் அதற்குள் அடங்கும். இலக்கணம் சரி. ஆனால் பிள்ளைகள் காதில் பழகியது ‘சங்கம் மருவிய’ என்ற ஓசை. யகரத்தை வெட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். மருவிசை என்று மட்டும் கண்டால் மருந்து விசிறுவது என்று நினைப்பார்கள். ‘முடுகு மருவிய இசை’ என்றே போடுங்கள்.

---

ரீச்சர், அகப்பாட்டு விஷயத்தில் காது பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் தடுத்ததையும் சொல்லவில்லை.

‘மருவிய இசை’க்கு ஒத்துக்கொள்கிறேன். ஒலிவாங்கியிலும் அதுதான் நன்றாக இறங்குகிறது. யகரத்திலிருந்து இகரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. முதல் தடவை ‘மெட்டார்ந்த முடுகு மருவிய இசை’ என்று முழுதாகவும், அடுத்தடுத்த இடங்களில் ‘மருவிய இசை’ என்று மட்டும் எழுதினால் கட்டுரையும் கனக்காது.

தம்பி, உன் வரைவில் ஒரு திருத்தம். 1985இல் வந்ததை இறுவட்டு என்று எழுதியிருக்கிறாய். பாட்டுத் தொகுப்பு எதையும் இறுவட்டு என்றே சொல்லி எங்களுக்குப் பழகிவிட்டது, ஆனால் அது ஊசி வைத்துக் கேட்கிற இசைத்தட்டு. பிறகு இறுவட்டாக வந்தபோது அந்த நான்கு பாட்டுகளையும் சேர்த்துப் போட்டார்கள். நீ கேட்டது எந்தப் பதிப்பு என்று பார்த்து, பாட்டு எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபார்த்துவிடு.