9 வோல்ட் பேட்டரியும் எழுதாமல் விட்ட வரியும்

ராஜீவ் காந்தி கொலையில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் வழக்கு என்று நான் வாயைத் திறந்தாலே வீட்டில் ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் பல வருடம் ரேடியோ உதிரி பாகக் கடை வைத்திருந்தவன் நான். பேரறிவாளன் மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, கொலையை முன்னின்று நடத்திய சிவராசனுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டில் அவைதான் இருந்தன என்பது. எங்கள் கவுண்டரில் தினமும் போகிற சரக்கு அது. மைக்குக்கும் அதுதான், மல்டிமீட்டருக்கும் அதுதான். எதற்கு என்று யாரையும் கேட்டதில்லை. கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆக, வாங்கியதில் ஒன்றுமில்லை. எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்த இடம், போலீஸ் அதிகாரி எழுதிய ஒப்புதல் வாக்குமூலம்.

வாக்குமூலம் எப்படி எழுதப்படுகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒருமுறை கடையில் திருட்டுப் போய், ஸ்டேஷனில் உட்கார்ந்து சொன்னேன்: "கூட்டமா இருந்தது சார், கட்டம் போட்ட சட்டை, முகம் சரியா ஞாபகம் இல்லை." ரைட்டர் தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தால் கடைசி வரி: "மேற்படி நபரை மீண்டும் நேரில் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்." நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "இப்படித்தான் எழுதணும், கேஸ் நிக்கணும்ல" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார். அவர் கைக்குப் பழகிப்போன வரி அது, அவ்வளவுதான்.

என் விஷயத்தில் அந்தக் காகிதத்துக்குக் கோர்ட்டில் பெரிய மதிப்பில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாதாரண வழக்கில் சாட்சியமாகாது. ஆனால் அப்போது இருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி எஸ்.பி. அந்தஸ்துள்ளவர் பதிவு செய்தால் செல்லும் என்று இருந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தச் சட்டத்தின்கீழ் எடுத்த வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. வக்கீல் நண்பர் எத்தனையோ தடவை விளக்கியும் இது எனக்கு ஜீரணமாகவில்லை. பேரறிவாளனுக்குக் கைதானபோது 19 வயது, என்னைப் போலவே எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பையன். தூக்கு உறுதியானது.

அப்புறம் 2013இல், வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி வி. தியாகராஜனே வெளியே வந்து பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அந்தப் பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். 2017இல் அதையே பிரமாணப் பத்திரமாக உச்ச நீதிமன்றத்தில் கொடுத்தார். தங்கள் திட்டம் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற பொருளில் சிவராசன் அனுப்பிய வயர்லெஸ் செய்தியையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இதனால் பேரறிவாளன் நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டதா? இல்லை. 2014இல் தூக்கு ஆயுளானது கருணை மனுவை இழுத்தடித்ததால். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவில் விடுதலை செய்ததும் அமைச்சரவைப் பரிந்துரை மேல் ஆளுநர் முடிவெடுக்காத தாமதத்தால்தான். பேட்டரிக் கேள்விக்குள் யாரும் மறுபடி போகவில்லை. அவருடைய அம்மா அற்புதம்மாள் அலைந்தது 31 வருடம். அந்தக் குண்டில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உண்மை முழுசாகக் கிடைத்தது என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு ஆற்றாமை வேறு ஒன்றில். தடா 15ஆம் பிரிவு, வாக்குமூலத்தை எழுத்திலோ ஒலிநாடா போன்ற கருவியிலோ பதிவு செய்யலாம் என்றது. எழுதித்தான் எடுத்தார்கள். 1991இல் எங்கள் தெருவில் டேப் ரெக்கார்டர் விற்காத கடையே கிடையாது.