அகலமான பாதம், ‘தட்டைக் கால்’ என்கிறார் கடைக்காரர்: ஓட எந்த ஷூ வாங்குவது?

பாமணிக்கரை
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம். காலையில் ஆற்றங்கரை ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துக்குக் கொண்டுபோக ஆசை. சின்ன வயதிலிருந்து வயலில் வெறுங்காலோடு திரிந்த பாதம், முன்பக்கம் நல்ல அகலம், விரல்கள் விரிந்து நிற்கும். எந்த ஷூ போட்டாலும் சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம், இப்போது கட்டைவிரல் நகம் வேறு கறுத்துவிட்டது. ஒரு கடையில் என் காலைப் பார்த்ததுமே ‘இது தட்டைப் பாதம், உள்பக்கம் முட்டுக் கொடுத்த ஷூதான் போடணும், இல்லாவிட்டால் மூட்டு போய்விடும்’ என்று எட்டாயிரம் ரூபாய் ஜோடியை எடுத்து வைத்தார்கள். பயமாக இருக்கிறது. வலி என்று எதுவும் இல்லை. நாலாயிரத்துக்குள் முடிக்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

குடமுருட்டி
தம்பி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நான் கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன், இந்த ‘மூட்டு போய்விடும்’ பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பாதத்தின் உள்பக்கக் குழிவைப் பார்த்து அதற்கேற்ற ஷூவும், இன்னொரு பிரிவுக்கு எல்லோருக்கும் ஒரே வகை ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள். காயம் படுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் பதித்துப் பார்ப்பதும் நிற்கிற பாதத்தின் உருவத்தைத்தான் காட்டும், ஓடும்போது அது என்ன செய்கிறது என்று சொல்லாது.

வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நில்லுங்கள். உள்பக்கம் குழிவு எழும்பினால் அது வளைந்துகொடுக்கிற பாதம், வலி இல்லாதவரை அதற்கென்று தனி ஷூ தேவையில்லை. குழிவு எழும்பாமல் விறைப்பாக நின்றாலோ, ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகிக்கொண்டு வந்தாலோ எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதைக் கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது.

இன்னொன்று, நம் நாட்டில் 2,300 பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்து 1992-இல் ஒரு ஆய்வு வெளியானது. செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். வயலில் திரிந்ததால் கால் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெண்ணாறு_ஓரம்
அக்கா சொன்னதுதான் சரி. உங்கள் சிக்கல் குழிவே இல்லை, அகலம். ஒரு பழைய பேப்பரில் நின்று, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்துகொள்ளுங்கள். பெரிய கால் எதுவோ அதற்குத்தான் ஷூ. கடையில் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே பாதம் பதியும் மெத்தையான இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலுக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போது இருக்கிற அளவும் ஏறக்குறைய அதுதான். ஓடுகிற சாக்ஸையே கையோடு கொண்டு போங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் பெரிதாக எடுக்காதீர்கள், குதிகால் நழுவி, பாதம் முன்னால் போய் மோதி, நகம் கறுக்கும். உங்களுக்கு நடந்திருப்பதும் அப்படி இருக்கலாம். ஆண்களுக்கான வழக்கமான அகலம் டி, அதற்கு மேல் 2இ, 4இ. நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் இரண்டிலும் சில மாடல்கள் 2இ-யில் வருகின்றன. போன வருஷத்து மாடலாகப் பார்த்தால் உங்கள் பட்ஜெட்டுக்குள் சிக்கும்.

அரசலாறு
லேஸையும் கவனியுங்கள் தம்பி. சுண்டுவிரல் எலும்பு துருத்தும் இடத்துக்கு நேரான ஓட்டையில் கோர்க்காமல் விட்டுவிட்டு அடுத்ததில் கோருங்கள், அந்த இடம் தளர்ந்துவிடும். மேலே, கணுக்காலை ஒட்டிக் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கும், அதில் இருபுறமும் சின்ன வளையம் விட்டு எதிர்ப்பக்க லேஸை உள்ளே நுழைத்து இறுக்கினால் குதிகால் அசையாது. பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையைக் குடித்து ஊறிப்போய் அதுவே கொப்புளம் கிளப்பும்.

பாமணிக்கரை
ரொம்ப நன்றி. நுனிக்காலில் நின்று பார்த்தேன், குழிவு நன்றாகவே எழும்புகிறது. பெரிய பாரம் இறங்கியது. அப்புறம் ஒரு சந்தேகம், ஐப்பசி கார்த்திகையில் கரை முழுக்கக் களிமண் சேறு, அதற்குத் தனி ஷூ வேண்டுமா?

வெண்ணாறு_ஓரம்
தேவையில்லை. நம் களிமண் எந்த ஷூவிலும் அப்பும், அந்த மாதங்களில் தார் ரோட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். ரோடு ஓரத்தில் சரிவாக இருக்கும், எப்போதும் ஒரே பக்கமாக ஓடாமல், வண்டி வராத நேரம் பார்த்துப் பக்கம் மாற்றி ஓடுங்கள், இல்லாவிட்டால் ஒரு முழங்காலுக்கு மட்டும் வேலை கூடும். நனைந்துவிட்டால் இன்சோலை உருவிவிட்டு, உள்ளே பேப்பரைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் பசை விடும். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும், அடிப்பாகம் அமுங்கிப் பழைய துள்ளல் போய்விட்டது என்று தெரிந்தால் மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.